காலடியில் கிடக்கும் ஆர்மேனியா

ஐயா, வணக்கம்.

போன வாரம் பாரிமுனைக்கு ஒரு வேலையாகப் போனபோது, அரண்மனைக்காரன் தெருவில் உள்ள ஆர்மேனியர் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். ஆர்மேனியக் கோவில் என்றால் தலையில் கூம்பு வைத்த கல் கட்டடம் என்று படங்களில் பார்த்திருந்தேன். இங்கே இருப்பதோ வெள்ளையடித்த பழைய பங்களா மாதிரி. இதில் ஆர்மேனியம் எங்கே இருக்கிறது? இன்னொன்று, தரையெல்லாம் கல்லறைக் கற்கள். மிதிக்காமல் நடக்க முடியவில்லை. மனசு ஒப்பாமல் பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைத் திருப்பி அனுப்பிய அந்தக் கற்களில்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஆர்மேனியாவின் ஹக்பாட், சனாஹின் மடங்களில் கோவிலை ஒட்டி ‘கவித்’ என்றொரு முன்மண்டபம் உண்டு. அதன் தளமே கல்லறைக் கற்களால் பாவியது. பெரிய இடத்து மனிதர்கள்கூட அங்கே புதைக்கப்பட்டார்கள், கும்பிட வருகிறவர்களின் கால் தங்கள்மேல் படட்டும் என்று. நம் கோவில்களிலும் விழுந்து கும்பிடும் உருவத்தைத் தளக்கல்லில் செதுக்கியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதே பணிவுதான் இது. தயங்காமல் நடங்கள்.

கூம்பு விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக்கு வந்த ஆர்மேனிய வணிகர்கள் பெரும்பாலும் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள். 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஆர்மேனியர்களின் ஜுல்பா நகரத்து மக்களைக் கூண்டோடு பெயர்த்துத் தன் தலைநகரான இஸ்பஹானுக்கு வெளியே குடியேற்றினார். அந்தப் புது ஜுல்பாவில் அவர்கள் கட்டிய பேராலயத்துக்கே பாரசீக மசூதிகளின் பாணியில்தான் குவிமாடம். போன ஊரின் கொத்தனாரையும் அவர் கைவாகையும் நம்பிக் கட்டியவர்கள் அவர்கள். சென்னையில் அது செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்குமாக ஆயிற்று, தாழ்வாரமும் வைத்துக்கொண்டது. அதில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மணிக்கூண்டைக் கவனித்தீர்களா? கோவிலோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ஹக்பாட்டில் 1245இல் கட்டிய மணிக்கூண்டும் அப்படித்தான் தனியே நிற்கிறது. புது ஜுல்பாவிலும் அப்படியே.

1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மேனியரோடு ஓர் உடன்படிக்கை செய்தது. கம்பெனியின் ஊரொன்றில் நாற்பது ஆர்மேனியர் குடியேறினால் கோவிலுக்கு நிலம், பாதிரியாருக்கு ஏழு வருஷத்துக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் என்று பேச்சு. சென்னையில் 1712இல் ஒரு கோவில் எழுந்தது. நீங்கள் பார்த்தது 1772இல் ஷாமீர் குடும்பத்து நிலத்தில் கட்டியது. ஷாமீர் ஷாமீரியன் பெரிய வணிகர். இதே காலத்தில் அந்தக் குடும்பம் சென்னையில் ஆர்மேனிய அச்சகமும் நடத்தியது. அன்றைக்கு ஆர்மேனியருக்குச் சொந்த அரசு கிடையாது. அந்த இல்லாத அரசுக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதி இங்கே அச்சிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்தக் கோவிலின் பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன். பாரசீகத்து ஷிராஸ் நகரில் ஒரே வாரத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். 1794இல் அவர் இங்கிருந்து தொடங்கிய ‘அஸ்தரார்’தான் உலகிலேயே முதல் ஆர்மேனியப் பத்திரிகை. 18 இதழ்கள் வந்தன. 1824இல் காலமானார். நீங்கள் பாதியில் திரும்பிய அதே வளாகத்தில்தான் அவருடைய கல்லும் இருக்கிறது.

மழை விட்ட ஒரு மதியம் போயிருந்தேன். தேய்ந்த கற்களில் எழுத்தே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வெட்டின பள்ளத்தில் தண்ணீர் நின்று, ஒவ்வோர் எழுத்தும் மை தொட்டு எழுதியது போல எழும்பி நின்றது. கொக்கி கொக்கியாக, நம் எழுத்துப் போலவே வளைகிற எழுத்து. ஆர்மேனியக் கல்லறைகளில் ‘இது இன்னாரின் தபான்’ என்று தொடங்குவது மரபு. தபான் என்றால் கல்லறை. நோவாவின் பேழைக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்.

மணிக்கூண்டில் ஆறு மணிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ. பழையது 1754ஐச் சேர்ந்தது. இரண்டு மணிகள் 1837இல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் பட்டறையில் வார்த்தவை. 1808இல் மறுபடி வார்த்த மணியில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. இன்று சென்னையில் ஆர்மேனியச் சமூகம் என்று ஒன்று இல்லை. கொல்கத்தா ஆர்மேனியர் சபைதான் கோவிலைப் பராமரிக்கிறது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மணி அடிப்பதை மட்டும் விடாமல் காத்து வந்திருக்கிறார்கள்.

தெருப்பெயரில் அரண்மனையைத் தேட வேண்டாம். ‘ஆர்மேனியன்’தான் நம் நாக்கில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். அதே தெருவில் கத்தோலிக்கர்களின் மரியன்னை ஆலயமும் இருக்கிறது, மாறிப் போய்விடாதீர்கள். அடுத்த முறை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிக் கல்வரை நடந்துவிட்டு வாருங்கள்.