ஊருக்கு ஒரே பெரிய கடைன்னு ஆகிட்டா... (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல அமெரிக்காவோட மலிவு விலை பெருங்கடைகளைப் பத்தி, குறிப்பா வால்மார்ட்டப் பத்தி சுருக்கமா எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கடிதங்கள்ல சிலதுக்கு இங்க பதில்.

கேள்வி: பொண்ணு டெக்சாஸ்ல இருக்கா. ஆறு மாசம் அவகூட இருந்துட்டு வந்தேன், வாராவாரம் வால்மார்ட்தான். பால், முட்டை, பேரனுக்கு டயப்பர், மாப்பிள்ளைக்கு சட்டை எல்லாம் ஒரே இடத்துல, விலையும் கம்மி. நல்லா இருக்கற கடைய ஏன் குறை சொல்றீங்க? (வாசகி, மயிலாடுதுறை)

அம்மா, விலை கம்மின்னு நீங்க சொல்றது நெசம், அதுல சண்டையே இல்ல. கைல காசு கம்மியா இருக்கற குடும்பத்துக்கு மளிகைல மிச்சமாகற பணம் பெரிய விஷயம், அத லேசா பேசறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும். நான் கேக்கறது அந்த மிச்சம் எங்கேருந்து வருதுன்னு மட்டும்தான். கொஞ்சம் நல்ல வழிலதான் வருது. சாம் வால்டன் 1962-ல ஆர்கன்சாஸ்ல ரோஜர்ஸ்ங்கற சின்ன ஊர்ல மொத வால்மார்ட்ட தெறந்தாரு, அப்புறம் பெரிய கம்பெனிங்க எட்டிப் பாக்காத டவுனா தேடித் தேடிப் போனாரு, நடுவுல ஒரு குடோன், லாரி ஒரு நாள்ல போயிட்டு வர்ற தூரத்துல சுத்தி கடைங்க, எது வித்துச்சு எது தேங்குச்சுன்னு உடனுக்குடன் தெரியற மாதிரி 1980-கள்லயே சொந்தமா சாட்டிலைட் நெட்வொர்க். இதெல்லாம் திறமை, இதுல குறைஞ்ச செலவு யார் வயித்துலயும் அடிச்சு குறைச்சது இல்ல.

மீதி குறைஞ்சது வேற கதை. அதுல ஒரு பங்கு சரக்கு குடுக்கறவங்கள நெருக்கி வாங்கினது, ஒரு பங்கு கடைல நிக்கறவங்க சம்பளத்துல புடிச்சது. ஒரு கம்பெனி செய்யற சரக்குல பெரும்பகுதி இந்த ஒரு கடைக்குத்தான் போகுதுன்னு ஆகிட்டா, அடுத்த வருஷம் இன்னும் கம்மி ரேட்டுக்கு குடுன்னு கேக்கறப்போ மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வராது. சரக்கு விக்கறவருக்கும் சரி, வேலை தேடறவங்களுக்கும் சரி, வேற வாசல் இல்லைங்கற நெலமைதான் எனக்கு பயமா இருக்கு, கடை பெருசா இருக்கறது இல்ல.

கேள்வி: மூணு தலைமுறையா மளிகைக் கடை வெச்சிருக்கோம். வால்மார்ட் வந்த ஊர்கள்ல சின்ன கடைங்க நெசமாவே மூடினாங்களா, இல்ல சும்மா பயமுறுத்தறதா? (வாசகர், கோவில்பட்டி)

அண்ணே, மூடினாங்க. ஆனா எல்லாரும் மூடல, யார் நின்னாங்க யார் போனாங்கன்னு பாத்தா உங்களுக்கே உபயோகப்படும். அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டில கென்னத் ஸ்டோன்னு ஒரு பேராசிரியர், அந்த மாநிலத்து சின்ன டவுன்களோட விற்பனைக் கணக்க பல வருஷம் தொடர்ந்து பாத்தாரு. வால்மார்ட் வந்த ஊர்ல, அவங்க விக்காதத விக்கற ஹோட்டல், ஃபர்னிச்சர் கடை மாதிரி ஆளுங்க கூட்டம் வந்ததால நல்லாவே ஓட்டினாங்க, அதே சாமான விக்கற துணிக்கடை, ஹார்ட்வேர் கடையெல்லாம் அடி வாங்கினாங்க. மோசமா அடிபட்டது எதுன்னா வால்மார்ட் வராத சுத்துப்பட்டு சின்ன ஊருங்க, ஏன்னா அந்த ஊர் ஜனம் கார எடுத்துட்டு பெரிய கடைக்கு போயிடுச்சு, இவங்க ஊருக்கு கூட்டமும் வரல, வரியும் வரல.

வேலை கணக்குல பொருளாதாரக்காரங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, அதையும் சொல்லிடணும். எமெக் பாஸ்கர் 2005-ல போட்ட கணக்குல, கடை வந்த வருஷம் அந்த கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) 100 வேலை கூடுது, அஞ்சு வருஷத்துல அதுல பாதி கரைஞ்சுடுது. டேவிட் நியூமார்க்கும் கூட ரெண்டு பேரும் 2008-ல வெளியிட்டதுல, வால்மார்ட்ல ஒரு வேலை வந்தா மத்த கடைகள்ல கிட்டத்தட்ட 1.4 வேலை போகுதுன்னு வந்துச்சு. கடை தெறக்கற இடமே வளர்ற இடமா பாத்து தெறக்கறாங்களே, அத எப்படி கழிச்சுக் கணக்கு போடறதுங்கறதுல வர்ற வித்தியாசம் இது. எந்தக் கணக்க எடுத்தாலும், ரிப்பன் வெட்டற அன்னிக்கு சொல்ற எண்ணிக்கை அஞ்சு வருஷம் கழிச்சு நிக்கல.

இன்னொண்ணு, கடை வர்றத பத்தி எல்லாரும் பேசறாங்க, கடை போறத பத்தி யாரும் பேசறது இல்ல. மேற்கு வர்ஜீனியால மெக்டவல் கவுண்டின்னு ஒரு நிலக்கரி பூமி, 1950-ல கிட்டத்தட்ட 1 லட்சம் பேர் இருந்த இடம், சுரங்க வேலை போகப் போக 2020 கணக்கெடுப்புல 19 ஆயிரத்து சொச்சம் பேர். அங்க கிம்பல்ங்கற ஊர்ல 2005-ல வால்மார்ட் வந்துச்சு, அங்க இருக்கறவங்களுக்கு அதுதான் கடை, அதுதான் சொந்தக்காரங்கள பாக்கற இடம், வேலை குடுக்கற பெரிய இடங்கள்ல அதுவும் ஒண்ணு. 2016 ஜனவரில உலகம் பூரா 269 கடைகள மூடப் போறோம்னு கம்பெனி அறிவிச்சப்போ அதுல கிம்பலும் ஒண்ணு, சுமார் 140 பேருக்கு வேலை போச்சு. அந்தக் கடைலேருந்து உள்ளூர் இலவச உணவு மையத்துக்கு போயிட்டிருந்த சாப்பாடும் நின்னு போச்சு. ஊர் தேஞ்சதுக்கு காரணம் நிலக்கரி, வால்மார்ட் இல்ல, அத நியாயமா ஒத்துக்கணும். ஆனா காய்கறி வாங்க மலைப்பாதைல வெகுதூரம் கார் ஓட்டணும்னு ஆன பாட்டிக்கு, அந்த முடிவ எடுத்த தலைமை ஆபீஸ் எங்கயோ ஆர்கன்சாஸ்ல பென்டன்வில்ங்கற ஊர்ல இருக்கு, போய் கேக்கக் கூட ஆள் இல்ல. உங்க கடைய மூடணும்னா நீங்க நாலு தரம் யோசிப்பீங்க, பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சில முழிக்கணும்ல.

கேள்வி: இப்ப வால்மார்ட்ல சம்பளம் நல்லா ஏத்திட்டாங்கன்னு படிச்சேன். இன்னும் பழசையே பேசறது சரியா? (கல்லூரி மாணவர், சேலம்)

ஏத்தினாங்க தம்பி, சரியாதான் படிச்சிருக்கீங்க. ஆரம்ப சம்பளம் மணிக்கு 2015-ல 9 டாலர், 2018-ல 11, 2023-ல 14. அமெரிக்க மத்திய அரசோட குறைஞ்சபட்ச கூலி 2009-லேருந்து 7.25 டாலர்லயே நிக்குது, அதவிட இது ரெட்டிப்பு கிட்ட வருது. ஆனா பல வருஷம் தொழிலாளர்கள் தெருவுல நின்னு கேட்டதுக்கு அப்புறம், ஆள் கெடைக்காத நெலமையும் சேர்ந்ததுக்கு அப்புறம்தான் ஏறுச்சு, அத மறந்துடாதீங்க. மணிக்கு எவ்வளவுங்கறத மட்டும் பாக்காதீங்க, வாரத்துக்கு எத்தன மணி நேரம் வேலை குடுக்கறாங்கன்னும் பாருங்க. அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் 2020-ல குடுத்த அறிக்கைல, அரசு உணவு உதவியும் மருத்துவ உதவியும் வாங்கற வேலைக்காரங்க அதிகமா இருக்கற கம்பெனிகள்ல வால்மார்ட் முன்னால நின்னுச்சு. வேலைக்கு போயிட்டு இருக்கறவங்கதான் ரேஷன் மாதிரி உதவியும் வாங்கறாங்க, அந்தச் செலவு ஜனங்க கட்டற வரிலேருந்து போகுது, பில்லுல தெரியாது.

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர். மலிவு விலை கடைக்கும் எங்க மாதிரி ஆளுங்களுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், திருப்பூர்)

அங்க குறையற விலையோட கடைசி நுனி உங்க மெஷின்கிட்டதான் வந்து நிக்குது. ஆர்டர் எடுத்தவர் அந்த ரேட்டுக்கு கட்டுப்படி ஆகாம இன்னொருத்தருக்கு கைமாத்தி விடுவாரு, அவர் இன்னொருத்தருக்கு, கடைசில தைக்கறவங்க எந்தக் கட்டடத்துல உக்காந்திருக்காங்கன்னே தெரியாது. 2012 நவம்பர் 24 அன்னிக்கு டாக்கா பக்கத்துல தஸ்ரீன் ஃபேஷன்ஸ்ங்கற துணி தைக்கற கம்பெனி தீப்பிடிச்சு 112 பேராவது செத்தாங்க. உள்ள வால்மார்ட்டுக்கான துணி இருந்துச்சு, எங்க சப்ளையர் எங்ககிட்ட சொல்லாம அங்க குடுத்துட்டாருன்னு கம்பெனி சொல்லி, அந்த சப்ளையர கழட்டி விட்டுச்சு. அடுத்த ஏப்ரல்ல அதே டாக்கா பக்கத்துல ரானா பிளாசாங்கற, தையல் கம்பெனிங்க இருந்த கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் தையல் கம்பெனிங்களோட பாதுகாப்புக்காக யூனியன்களோட சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்தற ஒரு ஒப்பந்தம் வந்தப்போ நிறைய ஐரோப்பிய கம்பெனிங்க கையெழுத்து போட்டாங்க, வால்மார்ட் போடல, தனியா வேற ஒரு கூட்டணி வெச்சுக்கிட்டாங்க. உங்க கம்பெனில அவசர வாசல் முன்னாடி பண்டல் அடுக்கியிருந்தா தயவு செஞ்சு இன்னிக்கே நகத்தச் சொல்லுங்க.

கேள்வி: இவங்க நம்ம நாட்டுக்குள்ள வந்துட்டாங்களா இல்லையா? (வாசகி, தஞ்சாவூர்)

பலகை மாட்டி கடை போடல, ஆனா வந்தாச்சு. பல பொருள் விக்கற சில்லறைக் கடைகள்ல வெளிநாட்டு கம்பெனிங்க 51% வரை முதலீடு போடலாம்னு 2012-ல மத்திய அரசு சொன்னப்போ, தமிழ்நாட்டுல விடமாட்டோம்னு அப்ப முதலமைச்சரா இருந்த ஜெயலலிதா சொல்லிட்டாங்க. 2018-ல 1,600 கோடி டாலர் குடுத்து ஃபிளிப்கார்ட்ல 77% பங்க வால்மார்ட் வாங்கிடுச்சு. தெருவுல பாத்துட்டு இருந்தோம், போன் வழியா வந்துட்டாங்க.

கேள்வி: பெரிய ஜவுளிக்கடைல சேல்ஸ் கேர்ளா இருக்கேன். காலைல வந்தா ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருக்கணும், கால் வீங்கிடுது. அமெரிக்கால எல்லாம் இப்படி இருக்காதுதானே? அங்க சங்கம் இருக்கா? (ஊர், பேர் வேண்டாம் என்கிறார்)

தங்கச்சி, அங்கயும் நின்னாங்க. கலிஃபோர்னியால உக்காந்து செய்யக்கூடிய வேலைக்கு சீட் குடுக்கணும்னு விதி இருக்கு. அத வெச்சு வால்மார்ட் கேஷியருங்க 2009-ல கேஸ் போட்டாங்க, 2018-ல 6.5 கோடி டாலர் தர்றோம்னு கம்பெனி சமரசத்துக்கு வந்துச்சு, இப்ப வேலைல இருக்கறவங்க முன்னாடி இருந்தவங்கன்னு சுமார் 1 லட்சம் பேருக்கு சேர வேண்டிய கேஸ் அது. ஒரு ஸ்டூலுக்கு ஒன்பது வருஷம்.

சங்கம் விஷயம் இன்னும் கஷ்டம். 2000-ல டெக்சாஸ்ல ஜாக்சன்வில் கடைல கறி வெட்டற பிரிவு மட்டும் 7-க்கு 3 ஓட்டுல யூனியன்ல சேர்ந்தாங்க, கொஞ்ச நாள்லயே இனிமே பாக்கெட்ல அடைச்ச கறிதான்னு கம்பெனி அறிவிச்சுது. முன்னாடியே போட்ட திட்டம்னு சொன்னாங்க. கனடால கியூபெக் மாநிலத்துல ஜோன்கியர் கடைல 2004-ல யூனியன் வந்துச்சு, 2005-ல கடையையே மூடிட்டாங்க, சுமார் 190 பேருக்கு வேலை போச்சு. அந்த மூடல் சட்டத்துக்கு விரோதம்னு கனடா உச்ச நீதிமன்றம் 2014-ல தீர்ப்பு சொல்லுச்சு, ஆனா கடை திரும்ப வரல. இதப் படிச்சு பயந்துடாதீங்க, இதே வால்மார்ட் ஜெர்மனில 1997-ல நுழைஞ்சு, ஏற்கனவே ஆல்டி, லிடில்னு மலிவு கடைகளும் பலமான யூனியனும் இருந்த இடத்துல தாக்குப் பிடிக்க முடியாம 2006-ல வித்துட்டுக் கெளம்பினாங்க.

உங்க விஷயத்துல சட்டம் உங்க பக்கம் இருக்கு. கோழிக்கோட்டுல ஜவுளிக்கடைப் பெண்கள் ஆரம்பிச்ச போராட்டத்தால கேரளா 2018-ல உக்கார்ற உரிமைய கொண்டுவந்துச்சு. நம்ம சட்டசபைல 2021-ல கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ பிரிவு சேர்த்தாங்க, வேலை நடுவுல வாய்ப்பு கெடைக்கறப்போ உக்கார்றதுக்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை குடுத்தே ஆகணும். உங்க தளத்துல ஸ்டூலே இல்லைன்னாலோ, இருந்தும் உக்காந்தா திட்டறாங்கன்னாலோ, உங்க பகுதி தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுதிக் குடுங்க. தனியா ஒருத்தர் பேர்ல போகாதீங்க, உங்க செக்‌ஷன்ல இருக்கற நாலஞ்சு பேரா கையெழுத்து போட்டு குடுங்க, ஒரு காப்பி எடுத்து தேதியோட ரசீது வாங்கி வீட்டுல வெச்சுக்கோங்க, கடைல வெக்காதீங்க.