கல்முனையில் அடிப்படை வருமானத்துக்கு ஆள் சேர்ப்பது: டிசம்பரில் தொடங்குங்கள்

தம்பி, எல்லோருக்கும் நிபந்தனையின்றி மாதாமாதம் பணம் கொடுக்கும் அடிப்படை வருமானத்துக்கு ஆதரவு கேட்டால், மீனவர் சங்கமும் வயல்காரர்களும் ஒருவரையொருவர் காட்டி "இது அவர்களுடைய திட்டம்" என்று ஒதுங்குவதாக எழுதியிருந்தீர்கள். அடிப்படை வருமானம் என்ற பெயரைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, டிசம்பரைப் பற்றிப் பேசுங்கள். வாடைக் காற்றில் தோணி கரையில் கிடக்கும். பெரும்போக வேளாண்மை இன்னும் பச்சையாக நிற்கும், உரக்கடன் மட்டும் விளைந்திருக்கும். இரண்டு வீட்டு நகையும் ஒரே மாதத்தில்தான் அடகுக்குப் போகிறது.

பிறகு அஸ்வெசும என்ற அரச உதவித்தொகை. 2023இல் பழைய சமுர்த்தி உதவிக்குப் பதிலாக அது வந்தபோது மின்பாவனை, சொத்து எல்லாம் பார்த்துத் தெரிவு செய்தார்கள். விடுபட்ட ஏழைகள் தமிழ், முஸ்லிம் இரு சமூகத்திலும் உண்டு. அவர்களுடைய மேன்முறையீடுகளைச் சேர்ந்து எழுதுங்கள்.

முதல் கூட்டத்துக்கு அரசியல்வாதி வேண்டாம். வெள்ளி நண்பகலும் வேண்டாம், அது ஜும்ஆ தொழுகை நேரம். நான் ஒருமுறை வைத்து, வெறும் கதிரைகளுக்குப் பேசினேன்.