குண்டானை எப்படி வைப்பது?

கேள்வி: மகள் டிஷ்வாஷர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தட்டுகளைக் கழுவித்தான் உள்ளே வைக்கிறேன். அப்படியும் சாம்பார் குண்டானில் பருப்பு ஒட்டியபடியே இருக்கிறது. டம்ளர்களில் வெள்ளை படிகிறது. மாமியாரின் ஈயச்சொம்பையும் அதில் போடலாமா?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில், கழுவி வைப்பதை விடுங்கள் அம்மா. பருக்கை, கறிவேப்பிலை, மீன் முள்ளைத் தட்டிவிட்டால் போதும். டிஷ்வாஷர் பொடியில் இருக்கும் என்சைம்கள் மாவுப் பசையையும் பருப்பையும் தாமே கரைக்கும். மெஷினுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீர்தான் ஆகும். குழாயைத் திறந்துவிட்டால் அது இரண்டே நிமிடத்தில் போய்விடும். அடிப்பிடித்ததை மட்டும் ஊறவையுங்கள்.

குண்டான் சுத்தமாகாதது அதை வைத்த விதத்தால்தான் இருக்கும். ரேக்குகளுக்கு அடியில் ஓட்டை போட்ட கைகள் சுழன்று தண்ணீரைப் பீய்ச்சுகின்றன. அந்தத் தண்ணீர் படாத இடம் அழுக்காகவே நிற்கும். அதனால் குண்டான், வாணலி எல்லாம் கீழ் ரேக்கில், வாய் கீழ்நோக்கி, கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் நம் பழக்கம் இங்கே ஆகாது. டம்ளர், டபரா மேல் ரேக்கில் கவிழ்த்து. இட்லித் தட்டுகளைப் பிரித்து நிறுத்தி வையுங்கள். பட்டனை அழுத்துமுன் அந்தக் கைகளை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நீளமான கரண்டி ஒன்று இடித்தாலும் அவை நின்றுவிடும், அன்றைக்கு எதுவும் சுத்தமாகாது. மசாலாப் பாத்திரங்களுக்கு 65 அல்லது 70 டிகிரி ஓட்டம் நல்லது. அடியிலுள்ள ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

அப்புறம் அந்த வெள்ளை. டம்ளரில் எலுமிச்சைச் சாறு தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் அது கடினத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. உங்கள் மெஷினில் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் உப்பு அறை இருந்தால், டிஷ்வாஷர் உப்பை மட்டும் போடுங்கள். சமையல் தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்ப்பவை அடைத்துக்கொள்ளும். முதல்முறை அந்த அறையில் தண்ணீர் நிரப்பிவிட்டு உப்புப் போட வேண்டும். சிந்திய உப்பு எஃகை அரிக்கும், எனவே போட்டதும் ஒரு ஓட்டம் விட்டுவிடுங்கள். தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ற அளவையும் மெஷினில் செட் செய்ய வேண்டும். கடைசி அலசலில் சேரும் திரவமான ரின்ஸ் எய்டு தீராமல் பார்த்துக்கொண்டால் டம்ளர் புள்ளியில்லாமல் காயும். ஒன்று சொல்ல வேண்டும்: இந்த உப்பு அறை சுண்ணாம்பைத்தான் எடுக்கும், உப்புக் கரிப்பை எடுக்காது. நம் கடலோரத்தில் போர்த் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறுகிறது. உங்கள் போர் கரித்தால் மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுங்கள்.

அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போகும். புதுச்சேரியில் எங்கள் வீட்டு இட்லிப் பானையை ஒரே தடவை உள்ளே வைத்து இழந்தேன், இன்னும் வருத்தம்தான். பித்தளை, செம்பு, இரும்புத் தோசைக்கல், மரக்கரண்டி, மண்சட்டி எதுவும் வேண்டாம். எவர்சில்வர் குக்கர் போடலாம், கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு.

மாமியாரின் ஈயச்சொம்பை மட்டும் கையாலேயே கழுவுங்கள். மெஷின் பொடியின் காரத்தில் அதன் பளபளப்பு மங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.