மெல்லக் கரையும் ‘மாறா’ அளவுகள்: கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த் மாணவி: அக்கா, மாறாத அளவு என்கிறோம், அதுவே மெல்லத் தேயும் என்றும் சொல்கிறீர்கள். எப்படி?

எவ்வளவு நேரம் கவனிக்கிறோம் என்பதைப் பொறுத்ததும்மா அது. ஏற்றாமல் தட்டில் கிடக்கும் கற்பூரம் காற்றில் கரைந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் பூசை முடியும்வரை அதன் எடை மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பாய்மவியலில், அதாவது ஓடும் பொருள்களின் இயற்பியலில், ஆற்றல், உந்தம், துகள் எண்ணிக்கை இவற்றை மட்டும் கணக்கில் வைக்கிறோம். மற்றவை சில மோதல்களிலேயே அழிந்துவிடும். அழியக்கூடிய ஓர் அளவுக்கு மோதல் நேரத்தைவிடப் பல மடங்கு ஆயுள் இருந்தால், அதையும் சேர்த்தாக வேண்டும்.

பீனிக்ஸ் வாசகர்: நிஜப் பொருளில் பார்த்திருக்கிறார்களா?

கிராஃபீனில், அதாவது ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளில். அது மிகச் சுத்தமாக இருந்தால் எலெக்ட்ரான்கள் மாசுகளோடு மோதுவதைவிடத் தங்களுக்குள் மோதுவது அதிகம். தங்களுக்குள் எத்தனை முறை மோதினாலும் மொத்த உந்தம் குறையாது. மாசும் படிக அதிர்வும்தான் அதை மெல்ல அரிக்கின்றன. ஆகவே மின்னோட்டம் பாகுத்தன்மையுள்ள திரவமாக ஓடுகிறது. இயற்பியலாளர் குர்ழி 1963-லேயே இதற்கு அடிகோலினார். 2016-ல் கிராஃபீனிலும் பலேடியம் கோபால்டேட் என்ற உலோகத்தன்மையுள்ள சேர்மத்திலும் சோதனை முடிவுகள் வந்தன. கிராஃபீனில், மின்னோட்டத்தை உள்ளே செலுத்தும் முனைக்குப் பக்கத்திலேயே மின்னழுத்தம் எதிர்க்குறியில் வந்தது! அங்கே எலெக்ட்ரான்கள் சுழித்துப் பின்னோக்கி ஓடுகின்றன. ஓம் விதியோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்த அளவீட்டைக் கட்டாயம் காட்டுவேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்: சமன்பாட்டில் என்ன மாறும்?

அடர்த்தியின் சமன்பாடு அப்படியே இருக்கும், ஐயா. ஓட்டத்தின் சமன்பாட்டில், ஓட்டத்தை ஆயுளால் வகுத்த ஓர் உறுப்பு கழியும். அவ்வளவுதான், ஆனால் விளைவு பெரிது. நீண்ட அலைநீளத்தில் அலையே இல்லை, வெறும் விரவல், அதாவது நீரில் மை போல மெல்லப் பரவுதல். அதன் கெழு, அலை வேகத்தின் வர்க்கத்தை ஆயுளால் பெருக்கினால் வருவது. குறுகிய அலைநீளத்தில் அதே பொருளில் அலை ஓடும். 4π × வேகம் × ஆயுள் என்ற அலைநீளம்தான் எல்லை. தேய்ந்து மறையும் இரண்டு தீர்வுகள் அங்கே ஒன்றாகி, இடமும் வலமும் ஓடும் அலைகளாகப் பிரிகின்றன. வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். இருபடிச் சமன்பாடு தெரிந்தால் போதும்.

கேப் டவுன் வாசகர்: நம் பல்கலைக்கழகமும் ஐதெம்பா அணு ஆய்வகமும் ஐரோப்பிய துகள் ஆய்வகமான செர்னின் ஆலிஸ் சோதனையில் இருக்கின்றனவே, அங்கே அணுக்கருக்களை மோதவிட்டு உண்டாக்கும் கடும் வெப்பமான குவார்க்-குளுவான் பிளாஸ்மாவுக்கும் இது பொருந்துமா?

இங்கே நிதானம் வேண்டும். சார்பியலில் சாதாரணப் பாகுநிலைச் சமன்பாடு ஒளியை மிஞ்சும் வேகத்துக்கு இடம்கொடுத்துவிடும். அதைத் தடுக்க 1967-ல் முல்லரும் 1979-ல் இஸ்ரேல், ஸ்டூவர்ட் இருவரும் தகைவுக்கும், அதாவது பாய்மத்துக்குள் பாகுத்தன்மையால் வரும் இழுவிசைக்கும், ஓர் ஆயுள் கொடுத்தார்கள். கணிப்புக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆயுள் ஏன் நீளமாக இருக்க வேண்டும்? கிராஃபீனில் காரணம் தெரியும்: இடமாற்றச் சமச்சீர் (எங்கே நகர்த்தினாலும் விதி மாறாத தன்மை, உந்தத்தைக் காப்பது இதுதான்) லேசாகத்தான் உடைந்திருக்கிறது. 2018-ல் குரோஸ்தானோவ், லூகாஸ், பூவுத்திகுல் மூவரும் இப்படி லேசாக உடைந்த சமச்சீர்களிலிருந்தே கோட்பாட்டை எழுப்பினார்கள். அப்படி ஒரு காரணம் காட்டாத ஆயுளை நான் பொருத்து எண்ணாகவே, அதாவது சோதனைக்குப் பொருந்தும்படி தேர்ந்த எண்ணாகவே, எடுத்துக்கொள்வேன்.

சாட்ஸ்வொர்த் மாணவி: வெப்பமும் அலையாக ஓடுமா, அக்கா?

ஓடும். சோடியம் ஃபுளூரைடு படிகத்தில் 1970-லேயே பார்த்துவிட்டார்கள். படிகம் மிகச் சுத்தமாகவும் மிகக் குளிராகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்களின் (படிக அதிர்வின் துகள்கள்) உந்தம் மெல்லக் கரையும்.