ஒருவரோடு இருந்து பேசுதல்: வன்னி முதியவர்களிடம் கதை கேட்போருக்குச் சில பதில்கள்

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி மாவட்டத்தில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பின்னர், ஊர் முதியவர்களின் வாழ்க்கையை அவர்களுடைய வாய்மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்து வருகிறேன். ஓர் ஆண்டில் மூன்று நான்கு பேருக்கு மேல் நான் கேட்பதில்லை. ஆனால் ஒருவரிடம் எட்டு முறை, பத்து முறை போவேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் இளையவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பட்டறிவிலிருந்து பதில் எழுதுகிறேன்.

மல்லாவியிலிருந்து ஒரு மாணவி: ரீச்சர், என் அம்மம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்படி கேட்டால், "என்னத்தைச் சொல்லுறது பிள்ளை, எல்லாரும் பட்டதைத்தான் நாங்களும் பட்டனாங்கள்" என்று முடித்துவிடுகிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அம்மம்மா எதையும் ஒளிக்கவில்லை, பிள்ளை. நீங்கள் கேட்ட கேள்விதான் அவர் கைக்குள் அடங்காத அளவு பெரிதாக இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் முதியவர்களிடம் விவரம் கேட்டு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. முகாமில் பதிந்தார்கள், மீள்குடியேறியபோது பதிந்தார்கள், வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தார்கள், ஆணைக்குழுக்களின் முன்னால் இருத்தி வைத்துக் கேட்டார்கள். அதனால் நம்முடைய முதியவர்கள் பலருக்கு ஒரு பதிவுக் குரல் வந்துவிட்டது. கொப்பியைக் கண்டவுடன் எழுந்து போய்க் குடும்ப அட்டையை எடுத்து வருவார்கள். வீட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் இல்லை, எந்த முகாம், எந்தத் திகதி என்று ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு, இனி எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்பது போலப் பார்ப்பார்கள். அவ்வளவும் உண்மைதான், ஆனால் அதைக் கேட்டு முடித்த பிறகும் அந்த ஆளை நமக்குத் தெரியாது.

ஆகவே கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர் கையால் செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள். உழவு இயந்திரம் வருவதற்கு முன்னர், எருமை கட்டிச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்த இரவுகளில் களவெட்டிக்கு, அதாவது நெற்களத்துக்கு, சாப்பாடு கொண்டு போனவர் யார், என்ன கறி, வழியில் யானைக்குப் பயந்ததுண்டா என்று கேளுங்கள். காணி பெற்று வந்த குடும்பமானால், காடு வெட்டியபோது எந்த மரத்தை வெட்டாமல் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஆயத்தமாக வைத்திருந்த பதில் எவரிடமும் இராது. அவர் அங்கே திரும்பிப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கராயன் பக்கத்தில் ஒரு அப்புவின் இடது கையில், பெருவிரலுக்குக் கீழே நீண்ட தழும்பு ஒன்று இருந்தது. நான்காம் தடவை போனபோதுதான் அதைப் பற்றிக் கேட்டேன். போரில் எறிகணைத் துண்டு பட்ட காயம் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டு வயதில், முதன்முதல் அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்கப் போன நாளில், பெரிய ஆட்களோடு போட்டிக்கு வெட்டியதில் அரிவாள் இழுத்ததாம். தகப்பன் ஏசாமல் தன் சால்வையைக் கிழித்துக் கட்டிவிட்டு, "நீ இனிக் கமக்காரன்" என்று சொன்னாராம். அன்று இரண்டு மணித்தியாலம் தகப்பனைப் பற்றியே பேசினார். அதற்கு முந்திய மூன்று நாட்களிலும் தகப்பனின் பெயரைத் தவிர வேறொன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

விசுவமடுவிலிருந்து ஓர் இளைஞர்: பெரியப்பா சொல்லும் ஆண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பல இடப்பெயர்வுகளை ஒன்றாகக் கலந்து சொல்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

ஆண்டைக் கேட்காதீர்கள், எதற்கு முதல், எதற்குப் பிறகு என்று கேளுங்கள். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு மனதில் வேறொரு நாட்காட்டி இருக்கிறது. புயல் என்றால் 1964 டிசெம்பர். கலவரம் என்றால், தமிழருக்கு எதிராக நடந்த 1958, 1977, 1983 ஆகிய மூன்றில் எது என்பதை மட்டும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தது 1995 ஒக்டோபர் இறுதியில். அடுத்த ஆண்டில் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தது 2002 ஏப்ரலில், பூட்டியது 2006 ஓகஸ்ட்டில். இடையில் 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது, அதுதான் சுனாமி. மாதத்துக்கும் வழி உண்டு. வட்டப்பளை அம்மன் பொங்கல் வைகாசியில் வருவது. முள்ளியவளையில் கடல்நீரில் விளக்கெரியும் அந்த நாட்களை முல்லைத்தீவார் ஒருபோதும் பிசகிச் சொல்வதில்லை. பாலைப்பழக் காலமா, குளம் நிரம்பி வான் பாய்ந்த காலமா என்று கேட்டாலும் பருவம் பிடிபட்டுவிடும்.

இடப்பெயர்வுகள் கலந்துபோனால், பிள்ளைகளைக் கொண்டு பிரித்தெடுக்கலாம். சைக்கிள் பாரில் எந்தப் பிள்ளை இருந்தது, கரியரில் எந்தப் பிள்ளை இருந்தது, நடந்து வந்தது யார் என்று ஒரு தாயிடம் கேட்டேன். "பாரில சின்னவன், அவனுக்கு அப்ப பல்லு முளைக்கேல்லை" என்றார். சின்னவனின் பிறப்புச் சான்றிதழில் இருந்து ஆண்டு கிடைத்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிழையான ஆண்டைச் சொல்லும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள். ஒருமுறை நான் அப்படித் திருத்தினேன். அந்த ஐயா, "உங்களுக்குத் தெரியுந்தானே, பிறகென்ன" என்று சொல்லி வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது.

தருமபுரத்திலிருந்து: மகன்மாரும் மருமக்களும் சுற்றியிருந்து ஆச்சிக்குப் பதிலாகத் தாங்களே சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்வதையும் ஒரு நாள் முழுவதும் கேளுங்கள். வீட்டாரை விலக்கிவிட்டு ஆச்சியை நெருங்க முடியாது. அதன் பிறகு, அவர் தனியாகச் செய்யும் வேலை எது என்று பார்த்து, அந்த நேரத்துக்குப் போங்கள். நான் ஒரு ஆச்சியோடு பேசியது, அவர் விறாந்தையில் இருந்து சுளகில் அரிசி புடைக்கும் பின்னேரங்களில். ஒலிப்பதிவில் சுளகின் சத்தம் நிறைந்திருக்கிறது. சத்தம் விழுகிறது, வேலையை நிறுத்துங்கோ என்று நான் சொல்லவில்லை. கை வேலையில் இருக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவரைப் பேச வைத்தது. இன்று அந்தப் பதிவைக் கேட்டால், புடைக்கும் சத்தம் எங்கெங்கே நிற்கிறது என்பதிலிருந்தே எந்த இடத்தில் அவருக்கு மனம் கனத்தது என்று தெரிகிறது.

வவுனியாவிலிருந்து: எதில் பதிவு செய்வது நல்லது?

கைத்தொலைபேசி போதும். விமானப் பயன்முறையில் போட்டு, இருவருக்கும் நடுவில் ஒரு துணியின் மேல் வையுங்கள். அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, கோப்பின் பெயரில் திகதியையும் ஊரையும் எழுதுங்கள். பதிவு ஓடுகிறது என்பது பேசுபவருக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். களவாகப் பதிந்ததை நான் பதிவாகவே கணக்கெடுப்பதில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மகன்: அப்பா புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவர். 2009இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. எப்படிக் கேட்பது?

தம்பி, கேட்காதீர்கள். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பலரோடு இருந்து பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு அந்த ஐந்து மாதங்களுக்கு முன்னால் பல பத்தாண்டு வாழ்க்கை இருந்தது. அதைப் பற்றி எவராவது அவரிடம் கேட்டார்களா? நந்திக்கடலில் இறால் பிடித்ததுண்டா, கோவலன் கூத்து விடிய விடியப் பார்த்ததுண்டா, அம்மாவை முதலில் எங்கே கண்டார் என்று கேளுங்கள். தான் வாழ்ந்த வாழ்வைக் கேட்க ஒரு மகன் இருக்கிறான் என்று அவருக்குப் படட்டும். சிலர் ஓராண்டு கழிந்த பின்னர், கேளாமலே, சாப்பிட்டுக் கை கழுவும் வேளையில் ஒரு வசனம் சொல்வார்கள். அப்போது அடுத்த கேள்வியைத் தூக்கிப் போடாமல் பக்கத்தில் இருங்கள். சொல்லாமலே விட்டுவிடுவோரும் உண்டு. அது அவருடைய உரிமை. அதற்காக அவரை உங்களுக்குத் தெரியாமற் போய்விடாது.

அதே பொருளில் முல்லைத்தீவிலிருந்து: அழுதால் என்ன செய்வது?

பதிவை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், கதையை மாற்ற அவசரப்படாதீர்கள். அவர் தொடர விரும்பினால் தொடரட்டும். அன்றைக்கு இருட்டும் வரையில் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டு, மறுநாளும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள். அழ வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போகக் கூடாது.

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து: எங்கள் அயலில் உள்ள ஐயா, 1977 கலவரத்தின் பின் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து குடியேறியவர். பழைய கதையைக் கேட்டால் அவர் மனம் நோகுமோ என்று தயங்குகிறேன்.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. வந்த காலத்தில் இங்கே சிலர் அவர்களை இழிவாகப் பேசியதும் உண்மை. ஆனால் கேட்காமல் விடுவதால், அவர் வாழ்க்கை வன்னிக்கு வந்த நாளில்தான் தொடங்கியது என்று நாமே எழுதிவிடுகிறோம். 1970களின் பஞ்சத்தாலும் கலவரங்களாலும் வந்த அந்தக் குடும்பங்கள் காடு வெட்டி ஊராக்கிய நிலத்தில்தான் நாம் இன்று நடக்கிறோம். "ஏன் வந்தீர்கள்" என்ற கேள்வி விசாரணை போல ஒலிக்கும். கொழுந்து எப்படி நிறுப்பார்கள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் இருந்து பார்த்தால் எந்த மலை தெரியும், இங்கே வந்து முதல் மாரியைக் குளிரில்லாமல் கழித்தது எப்படியிருந்தது என்று கேளுங்கள். "இங்க வந்த புதுசுல எங்கள யாரு வீட்டுக்குள்ள கூப்புட்டாங்க" என்று அவரே ஒரு நாள் சொல்லக்கூடும். அப்போது நம் ஊரைக் காப்பாற்றப் பேசாமல், அதையும் எழுதுங்கள்.

பூநகரியிலிருந்து: சொன்னவற்றை வெளியிடலாமா? ஓர் உறவினர் சம்மதப் பத்திரம் வாங்கினால் போதும் என்கிறார்.

பத்திரம் போதாது. முதல் நாளில் கையெழுத்து வைப்பவருக்கு, எட்டாம் நாளில் தான் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாது. எல்லாம் முடிந்த பின்னர், பதிவை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எது ஊரார் கேட்கலாம், எது வீட்டாருக்கு மட்டும், எது அழிய வேண்டும் என்று அவர் சொல்லட்டும். நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்கள் வாய்மொழி வரலாறுகளைப் பேணுகின்றன. அங்கே கொடுப்பதானாலும் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே கொடுங்கள். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் எடுத்துக்காட்டாகவும் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் ஒருமுறை, நல்ல எண்ணத்தோடுதான், நான் அப்படிச் சொல்லிவிட்டேன்; அது சுற்றிப் போய் அந்த அம்மாவின் காதில் விழுந்தது. எட்டு மாதம் அவர் வீட்டுப் படலை எனக்குத் திறக்கவில்லை.

மேலே எழுதிய அக்கராயன் அப்புவுக்கும் கடைசி நாளில் முழுவதையும் போட்டுக் காட்டினேன். தழும்புக் கதையை எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். இங்கே எழுதியது அந்த அனுமதியோடுதான். தம்பியாரோடு காணி வழக்குப் பேசிய நாற்பது நிமிடத்தை மட்டும், "அவன் போயிட்டான், அது கிடக்கட்டும்" என்று எடுத்துவிடச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அந்தப் பகுதியை அழித்தேன். வேறு பிரதி நான் வைத்துக்கொள்ளவில்லை.