யானையா, காளையா? பார்வை பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருபது வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறேன். "கண்ணாடி பவர் பற்றிக் கேட்டது போதும், பார்ப்பது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி: மிஷின் நடவு வயலை பஸ்ஸிலிருந்து பார்த்தால் கோடு கோடாக இருக்கிறது. ஒற்றை நாற்று நட்ட என் வயலோ ஒரு நேரம் நெடுக்காக ஓடுகிறது, ஒரு நேரம் குறுக்காக, ஒரு நேரம் மூலைவாட்டத்தில். ஏன்?

இடைவெளிதான் காரணம். மிஷின் நடவில் வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இருக்கும். ஒரே வரிசைக்குள் குத்துக்குக் குத்து (நாற்று நட்ட ஒவ்வொரு இடமும் ஒரு குத்து) ஏறத்தாழ அதில் பாதிதான். கண்ணில் விழுவது தனித்தனிக் குத்துகள், கோடு என்று வயலில் எதுவும் கிடையாது. நெருங்கி நிற்பவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்துக் கோடு இழுப்பது மூளை.

உங்கள் வயலில் 25-க்கு 25 செ.மீ. நாலு பக்கமும் சம தூரம் என்பதால் எதை எதோடு சேர்ப்பது என்று மூளைக்குப் பிடி கிடைப்பதில்லை. வரப்பில் நாலடி நகர்ந்தால் பார்க்கும் சாய்வு மாறும், அதுவரை தள்ளித் தெரிந்த குத்து நெருங்கித் தெரியும், கோடும் உடனே கட்சி மாறிவிடும். பழைய கைநடவு வயலில் இந்த ஆட்டமே இல்லை. அங்கே இடைவெளியில் ஒழுங்கு கிடையாது, அதனால் மொத்தமும் ஒரே பச்சை.

ஜெர்மனியில் வேலை பார்த்த உளவியல் அறிஞர் மேக்ஸ் வெர்தைமர் 1923-இல் இதைத் தாளில் புள்ளி வைத்தே விளக்கினார். மார்கழியில் வாசலில் புள்ளி வைத்து முடித்ததும், இழை இழுக்கும் முன் அரை நிமிடம் நின்று பாருங்கள். அதே கூத்துதான்.

நாகப்பட்டினத்திலிருந்து: கடலில் எழும்பும் பௌர்ணமி நிலா ஏன் அவ்வளவு பெரிது?

பெரிதே இல்லை. கையை நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தி ஒரு கண்ணால் பாருங்கள், நிலா நகத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் மறுபடி செய்யுங்கள், அப்போதும் மறையும். இரண்டு வேளையும் அது அரை டிகிரிதான். அடிவானத்தில் படகு, தென்னை என்று அளவு தெரிந்த பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் அப்பால் இருக்கிறது என்று கணக்குப் போட்டு மூளை நிலாவை ஊதிக்காட்டுகிறது என்பது ஒரு விளக்கம். அறிஞர்களுக்குள் இதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

தஞ்சாவூர் கல்லூரி மாணவி: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே, அதுவும் கண் ஏமாற்றமா?

கண் ஏமாறவில்லை, காதுதான் ஏமாந்திருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்குப் போய்ப் பாருங்கள், நிழல் பிராகாரத்தில் நீட்டிப் படுத்திருக்கும்.

சுவாமிமலையிலிருந்து ஒருவர்: தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையோடு இருக்கும் சிற்பத்தைப் பார்த்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை. எனக்குத்தான் கோளாறா?

கோளாறு இல்லை சார். அங்கே வழிகாட்டிகள் ஒரு பக்க உடம்பைக் கையால் மறைப்பார்கள். காளையின் உடம்பை மறைத்தால் அந்தத் தலை யானைத் தலை, யானையை மறைத்தால் அதே தலை காளைத் தலை. கல்லில் ஒரு கோடுகூட மாறவில்லை. கையை எடுத்த பிறகும் ஏதாவது ஒன்றுதான் முதலில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் மற்றது வந்து அதைத் தள்ளும்.

காரணம் இதுதான்: ஒரு விளிம்பை ஒரு பொருளுக்குத்தான் மூளை பட்டா போட்டுக் கொடுக்கும், ஒரே நேரத்தில் கூட்டுப்பட்டா கிடையாது. தலை யானைக்குப் போனால் காளை வெறும் முண்டம். 1892-இல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வந்த வாத்து-முயல் படம் உளவியல் பாடங்களில் தவறாமல் வருகிறது. நம் சிற்பி இரண்டாம் ராஜராஜன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டிலேயே, இதைக் கல்லில் செய்து வைத்துவிட்டார். பாடம் நடத்துகிறவர்கள் இதையும் ஒரு தடவை காட்டலாம், எனக்கு அந்த வருத்தம் உண்டு.

திருவையாற்றிலிருந்து: படித்துறையில் உட்கார்ந்து புது வெள்ளத்தையே பார்த்துவிட்டு நிமிர்ந்தால் படிக்கட்டு எதிர்ப்பக்கம் நகர்கிறது. மயக்கமா?

மயக்கம் இல்லை, காபி குடிக்கவும் வேண்டாம். இடமிருந்து வலம் போவதைச் சொல்ல மூளையில் ஒரு கூட்டம் செல்கள், வலமிருந்து இடம் போவதைச் சொல்ல இன்னொரு கூட்டம். அசையாத பொருளைப் பார்க்கும்போது இரண்டும் சமமாக முணுமுணுக்கும். ஒரு நிமிடம் வெள்ளத்தைப் பார்த்தால் அது ஓடும் திசையைச் சொல்லும் கூட்டம் சோர்ந்துபோகும், மற்றதன் குரல் ஓங்கும், அசையாத படிக்கட்டு நகரும். 1834-இல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்து ராபர்ட் ஆடம்ஸ் இதை எழுதினார். சில விநாடியில் தானே அடங்கிவிடும். ஒன்று மட்டும்: அது அடங்குவதற்குள் ஈரப்படியில் கால் வைக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு அம்மா: பிறவியிலேயே புரை இருந்த என் பையனுக்கு நாலு வயதில் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம் ஆகிறது. டாக்டர் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் தட்டில் இருக்கும் இட்லியைக்கூடத் தடவித்தான் எடுக்கிறான்.

பயப்படாதீர்கள்மா. வெளிச்சம் உள்ளே போக வழி கிடைத்துவிட்டது, வந்ததைப் பிரித்தெடுக்க மூளை இப்போதுதான் பழகுகிறது. வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி என்றால் எது தட்டு, எது இட்லி என்பதே அவனுக்குப் பெரிய கணக்கு. பார்வை பற்றி ஆராயும் விஞ்ஞானி பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில் நம் நாட்டில் இப்படிப் பார்வை பெற்ற பெரிய பிள்ளைகளைப் பார்த்தார்கள். கையால் தொட்டுத் தெரிந்த பொருளைக் கண்ணால் மட்டும் அடையாளம் காண அவர்களுக்கு முதலில் வரவில்லை, சில நாளிலேயே வர ஆரம்பித்தது. 2011-இல் அதை வெளியிட்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படங்களைத் துண்டு துண்டாகப் பார்த்த பிள்ளைகள், அதில் ஒன்றை அசைத்ததும் முழுசாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் பொருளைச் சும்மா நீட்டாமல் அசைத்துக் காட்டுங்கள். பந்தை உருட்டிவிடுங்கள். இட்லியை வாழையிலையில் வையுங்கள். டாக்டர் கொடுத்த கண்ணாடியைத் தூங்கும் நேரம் தவிர கழற்ற விடாதீர்கள், நல்ல கண்ணை மூடி வைக்கச் சொல்லியிருந்தால் அவன் அழுதாலும் மூடுங்கள். அடுத்த செக்கப் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.