டியூப் இரை மூக்கில் ஏன் கிழிகிறது? – கேள்வி பதில்

பாஸ் மீனுக்கு டியூப் இரை வீட்டிலேயே முக்கி எடுப்பவர்களின் கேள்விகள் இவை. டியூப் என்பது உள்ளே வெற்றிடமுள்ள மென்பிளாஸ்டிக் தூண்டில் இரை, ஒரு குச்சியை உருகிய பிளாஸ்டிக்கில் முக்கி எடுத்துச் செய்வது. குச்சி நுனியில் உருவாகும் மூடிய முனைதான் மூக்கு, மறுமுனையில் இழை இழையாக வெட்டிய வால்தான் குஞ்சம். வெவ்வேறு பேர் கேட்டவைதான், ஆனால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: “ஒரு மீனுக்கு மேல் தாங்கவில்லை.” அதனால் அதிலேயே தொடங்குகிறேன்.

கே: ஒரே மீனில் மூக்குப் பக்கம் கிழிந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கைக் கெட்டியாக்கும் ஹார்டனர் ஊற்றிப் பார்த்தேன், டியூப் கட்டையாக ஆனதுதான் மிச்சம். கிழிவது நிற்கவில்லை.

கெட்டியாக இருப்பது வேறு, உறுதியாக இருப்பது வேறு. கட்டையான டியூப் இழுபடாது, அதனால்தான் கிழிகிறது. உறுதியான டியூப் நாலு மடங்கு இழுபட்டுத் திரும்பிச் சுருங்கும். ஹார்டனர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

நாம் உருக்கும் பிளாஸ்டிசால் என்பது மிக நுண்ணிய பிவிசி தூள் மிதக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவம். சூடு ஏற ஏற அந்தத் துகள்கள் எண்ணெயைக் குடித்து உப்பி, கடைசியில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டல் முழுமையாக நடக்க ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே நிறுத்தினாலும் டியூப் டியூப் மாதிரியேதான் இருக்கும், பளபளக்கும், முக்கவும் வரும். ஆனால் உள்ளே துகள்கள் அரைகுறையாகத்தான் கை கோத்திருக்கும். சோதனை எளிது: ஒரு கீற்றை ஆறவைத்து இழுங்கள். இழுபடாமல் சட்டென்று அறுந்து, அறுந்த முகம் மங்கலாகச் சொரசொரவென்று இருந்தால் அது வேகாத பிளாஸ்டிக். இன்னொன்று, கேனைக் குலுக்காமல் மேலாக ஊற்றினால் எண்ணெய்தான் அதிகம் வரும், தூள் அடியில் தங்கிவிடும். அடி தட்டும்வரை கிளறிவிட்டு ஊற்றுங்கள்.

சூடு சரியாக இருந்தும் கிழிகிறது என்றால், நீங்கள் குச்சியைப் பிடிக்கும் விதத்தைப் பார்க்கவேண்டும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கட்டும் என்று வெளியே எடுத்த கணமே பலர் குச்சியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். அப்போது மூக்கில் சேரவேண்டிய சரக்கு வாலை நோக்கி வழிந்துவிடும். வால் கனமாகி, மூக்கு பலூன் தோல் போல ஆகிவிடும். மீன் இழுப்பதும், டியூபுக்குள் செருகும் ஈயத்தலையின் (முள்ளோடு சேர்ந்த ஈய எடை) நூல் கட்டும் வளையம் துளைத்து வருவதும் அந்த மூக்கில்தான். எடுத்ததும் மூக்கு கீழே பார்க்கப் பிடித்து, சொட்டு நூலாக இறங்கி நிற்கும்வரை காத்திருங்கள். நுனியில் தொங்கும் சொட்டைப் பாத்திர விளிம்பில் தொட்டு எடுங்கள். பிறகு மெதுவாகப் படுக்கைவாட்டில் உருட்டுங்கள். முழு டியூபுக்கு இரண்டு முக்கு, மூக்குக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூன்றாவது முக்கு. என் டியூப்களின் ஆயுளை ஹார்டனரைவிட இந்த மூன்றாவது முக்குதான் கூட்டியது.

கே: வெந்துவிட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும். பிறகு திடீரென்று கெட்டித்துக் கட்டி கட்டியாகக் குச்சியில் சுற்றிக்கொள்ளும். புதியவர்கள் இங்கேதான் கெட்டுப்போச்சு என்று பயந்து கொட்டிவிடுகிறார்கள். விடாமல் சூடேற்றிக் கிளறினால் கட்டிகள் கரைந்து, கண்ணாடி போலத் தெளிந்து, இளம்பாகு மாதிரி ஒழுகும். ஆனால் தெளிந்த உடனே வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறவேண்டும். அதனால் வெப்பமானி வாங்கிவிடுங்கள். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வகை என்றால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். நன்றாகக் கிளறிவிட்டு உடனே அளக்கவேண்டும்.

200 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், மூக்கைக் குத்தும் நெடி வரும். பிவிசி சிதையும்போது வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு அது. நெடி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியேறுங்கள், பாத்திரத்தைக் காப்பாற்ற நிற்காதீர்கள். ஹீட் ஸ்டெபிலைசர் சில சொட்டு சேர்த்தால் மஞ்சளாவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். கருகியதை அது மீட்காது.

கே: சமையலறை மைக்ரோவேவில் செய்யலாமா? கொஞ்சமாகத்தான் உருக்குகிறேன்.

கூடாது. 1949-ல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் தன் வீட்டில் வினைல் புழு இரை வார்த்துத்தான் இந்தத் தொழிலே பிறந்தது என்பது உண்மை. அதற்காக நாமும் சாப்பாடு சூடாக்கும் பெட்டியில் பிளாஸ்டிக் காய்ச்சவேண்டியதில்லை. பழைய மைக்ரோவேவ் ஒன்றை இதற்கென்றே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பாத்திரம், கரண்டி எல்லாமே தனி. முழுக்கைச் சட்டை, வெப்பம் தாங்கும் கையுறை, கண்ணாடி, அமில ஆவிக்கும் கரிம ஆவிக்கும் உரிய வடிகட்டி வைத்த முகமூடி. துணி மாஸ்க் தூசிக்குத்தான், இதற்கு உதவாது.

தண்ணீர் மட்டும் கிட்டே வரக்கூடாது. ஒருமுறை குளிரவைத்த குச்சியைச் சரியாகத் துடைக்காமல் மறுபடி முக்கினேன். நுனியில் நின்றது ஒரே சொட்டு. “டப்” என்ற சத்தம்தான் கேட்டது. மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒட்டிக்கொண்டது. சூடான எண்ணெய் வழிந்தாவது ஓடும், இது ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். தழும்பு இன்னும் இருக்கிறது. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே விட்ட இரண்டு அங்குல இடைவெளியில்.

கே: இரண்டு முறை முக்கினால் மேலடுக்கு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வருகிறது.

நடுவில் ஈரமோ எண்ணெயோ இருந்திருக்கும். குச்சியிலிருந்து டியூப் எளிதாகக் கழல வேண்டும் என்று எண்ணெய் தடவுவோம் இல்லையா, அது முதல் முக்குக்கு முன்னால் மட்டும், அதுவும் துணியில் தொட்டுத் துடைத்த அளவுக்கு. இரண்டாவது முக்குக்கு முன் தண்ணீரில் ஆற்றாதீர்கள். காற்றில் பிடித்து, பளபளப்பு அடங்கி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும், சூடு இருக்கும்போதே முக்குங்கள். பாத்திரத்தில் உள்ளது 165க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் அதைச் சூடாக்குங்கள், ஆறிப்போன சரக்கு மேலே போர்த்திக்கொள்ளுமே தவிர ஒட்டாது. அதே சமயம் ரொம்ப நேரம் உள்ளேயே வைத்திருந்தால் குச்சி சூடேறி, முதல் அடுக்கும் இளகி வழிந்துவிடும். நான் மூன்று எண்ணுவேன்.

கே: குச்சி எதில் செய்யலாம்? மரம் ஆகுமா?

மரம் வேண்டாம். அதற்குள் இருக்கும் காற்றும் ஈரமும் சூட்டில் வெளியேறி டியூப் சுவரில் குமிழியாக நிற்கும். குமிழி இருக்கும் இடத்தில்தான் முதலில் கிழியும். எஃகு அல்லது அலுமினியம், நுனியை உருண்டையாக்கி மெருகேற்றியது. மூன்றரை அங்குல டியூபுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் விட்டம் போதும்.

கே: உப்பு போட்டால் மீன் நீண்ட நேரம் கவ்வுகிறது என்கிறார்கள். போட்டால் டியூப் பிய்கிறது. என்ன செய்வது?

இரண்டுமே சரிதான். ஆனால் உப்பு உருகாது. ஒவ்வொரு மணியும் பிளாஸ்டிக்குக்குள் ஒரு பள்ளம். விரல் கனத்துப் புழுவில் அது தாங்கும், மெல்லிய சுவர் டியூபில் தாங்காது. மினுக்குத் தூளை அள்ளிப் போட்டாலும் இதே கதிதான். நிறம் மட்டும் போதும், பச்சைப்பூசணி நிறமும் பழுப்பும் கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) தின்னும் பாஸுக்கு நன்றாகவே எடுபடும்.

டியூபுக்குள் இருக்கும் வெற்றிடத்தை ஏன் மறந்துவிடுகிறீர்கள்? உப்பை உள்ளே போடுங்கள். சிறு பஞ்சுத்துண்டைப் பூண்டு எண்ணெயிலோ சோம்பு எண்ணெயிலோ நனைத்து உள்ளே தள்ளுங்கள். நுரைக்கும் மாத்திரையில் ஒரு துணுக்கை உள்ளே வைத்தால், அடியில் கிடக்கும்போது குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். சுவருக்கு ஒரு சேதமும் இல்லை. அப்படியும் சுவரில்தான் உப்பு வேண்டும் என்றால் மாவாகப் பொடித்து, ஈரமில்லாமல் வறுத்து, இரண்டாவது முக்கில் மட்டும் சேருங்கள். உள்ளடுக்கு உப்பில்லாமல் தாங்கிக்கொள்ளும்.

கே: குஞ்சம் நாலைந்து வீச்சிலேயே உதிர்கிறது.

வெட்டு முடியும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிளேடு மொண்ணையாக இருந்தால் அங்கே மயிரிழை போல ஒரு பிசிறு இருக்கும். கிழிசல் அதிலிருந்துதான் மேலே ஏறும். புது பிளேடு போடுங்கள், டியூபை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து விறைத்ததும் வெட்டுங்கள். மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒரே இழுப்பில் வெட்டவேண்டும், அறுக்கக்கூடாது. குஞ்சத்தை ரொம்ப மெல்லியதாக வெட்டினால் தண்ணீரில் அழகாக ஆடும், சின்ன மீன்கள் பிய்த்துத் தின்றுவிடும். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே நான் போவதில்லை.

கே: ஈயத்தலையை உள்ளே தள்ளும்போதே கிழிகிறது.

தலை பெரிது, அல்லது டியூப் காய்ந்திருக்கிறது. தலையில் எண்ணெய் தொட்டு, முள்ளின் வளைவு குஞ்சத்துக்குள் வரும்படி பின்பக்கமாகச் செலுத்துங்கள். வளையம் வெளியே வரும் இடத்தில் முதலில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். நகத்தால் கீறினால் அது துளையாக நிற்காது, வெட்டாக ஓடும்.

கே: கிழிந்ததை ஒட்டலாமா? அல்லது உருக்கி மறுபடி முக்கலாமா?

சிறு கிழிசலின் இரண்டு விளிம்பையும் சூடான சால்டரிங் இரும்பால் தொட்டு அழுத்தினால் ஒட்டும், அந்தப் புகையும் அதே அமிலப் புகைதான். சூப்பர் குளூ பிடிக்கும், ஆனால் ஒட்டிய இடம் விறைத்து அதன் பக்கத்திலேயே மறுபடி கிழியும்.

உருக்குவது நல்ல வழி. கழுவி, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவைத்து, உப்புள்ளதையும் இல்லாததையும் பிரித்து, ஹீட் ஸ்டெபிலைசரோடு உருக்குங்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் நிறம் மங்கும், தெம்பும் குறையும். அதனால் பழையதைப் பாதிக்கு மேல் சேர்க்காதீர்கள், மூக்குக்கான முக்குக்கு எப்போதும் புதுச் சரக்கு. கடையில் வாங்கிய, ரப்பர் பேண்டு போல எல்லையில்லாமல் இழுபடும் டிபிஇ (ரப்பர் போன்ற வேறொரு பிளாஸ்டிக்) வகை இரைகளை இந்தப் பாத்திரத்தில் போட்டுவிடாதீர்கள். அது வேறு பொருள், பிவிசியோடு சேராது.

கே: பெட்டியில் வைத்த டியூபெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பெட்டியின் அடியும் இளகிவிட்டது!

இதுவும் அந்த டிபிஇ விவகாரமாக இருக்கலாம், பிவிசி, டிபிஇ இரண்டையும் பெட்டியின் ஒரே தடுப்பில் வைத்தால் இரண்டுமே கூழாகும். பெட்டி இளகியது வேறு காரணத்தால். பிளாஸ்டிசாலில் உள்ள எண்ணெய் சில கடினப் பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும், பாலிஸ்டைரீன் முக்கியமாக. பாலிப்ரொப்பிலீன் பெட்டியிலோ கனமான பாலித்தீன் பையிலோ வையுங்கள். புது டியூப்களை ஒருநாள் நீட்டிப் படுக்கவைத்துவிட்டு, நிறம் பிரித்துப் போடுங்கள். கறுப்பும் வெள்ளையும் ஒரே பையில் ஒரு வாரம் கிடந்தால் அப்புறம் இரண்டும் சாம்பல்தான். வளைந்துபோனதை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் நிமிர்ந்துவிடும்.